பூட்டிய வீடுகளுக்குப் பக்கத்து வீடு

மார்ச் 4, செவ்வாய்

பல் டாக்டரிடம் போக வேண்டிய நாள். போகவில்லை. மதியம் இயக்குநர் கூப்பிட்டு ஒரு வேலையைத் தலையில் கட்டிவிட்டார்.

பக்கத்து நாட்டில் நூறு பெண்களில் ஐம்பத்து நான்கு பேர் வேலை செய்கிறார்கள் அல்லது வேலை தேடுகிறார்கள். நம் நாட்டில் முப்பத்து மூன்று. இதற்குத்தான் தொழிலாளர் பங்கேற்பு விகிதம் என்று பெயர் வைத்துக்கொண்டு இருபத்திரண்டு வருடமாக இந்த அலுவலகத்தில் நாற்காலி தேய்க்கிறேன். எல்லைக்கு அந்தப் பக்கமும் இதே மாதிரி வீடுகள், இதே மாதிரி பள்ளிக்கூடங்கள். பிறகு ஏன் இருபத்தொரு புள்ளி வித்தியாசம்? 25ஆம் தேதி நிதிக் குழு கூடுவதற்குள் காரணத்தை எழுதித் தர வேண்டும். மூன்றே பக்கம் போதும், நாலாவது பக்கத்தை யாரும் படிப்பதில்லை என்றார்.

ஊதித் தள்ளிவிடலாம். குடும்ப அமைப்பு, பழக்கவழக்கம், பேருந்து வசதி என்று மூன்று தலைப்பு போட்டால் முடிந்தது. இரண்டு மாதத்தில் துணை இயக்குநர் பதவி உயர்வு வருகிற நேரம். நல்ல பிள்ளையாக இருந்துவிட்டுப் போகிறேன்.

சாயங்காலம் கீழ் வீட்டிலிருந்து நாத்தனார் வந்தாள். முகம் சரியில்லை. தெரு முனையில் இருக்கும் நகராட்சிக் குழந்தைகள் காப்பகத்தை மாதக் கடைசியோடு மூடுகிறார்களாம். அவள் மாத்திரை கம்பெனியில் அட்டைகளைச் சரிபார்க்கிற வேலையில் இருக்கிறாள், காலை எட்டிலிருந்து நாலு வரை. கணவன் கப்பலில். மூன்று வயதுக் குழந்தையை அந்தக் காப்பகத்தில் விட்டுவிட்டுத்தான் போகிறாள். நகராட்சிக்கு மனு கொடுக்கலாம் என்று சொல்லி அனுப்பினேன். வேறு என்ன சொல்வது?

மார்ச் 5, புதன்

காப்பகக் கதவில் ஒட்டிய அறிவிப்பைப் போய்ப் படித்தேன். “தேசியத் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி வேலைக்குச் செல்லும் பெண்களின் எண்ணிக்கை தொடர்ந்து குறைந்து வருவதால், தேவை குறைந்துள்ள நாற்பது காப்பகங்கள்...” கீழே அட்டவணை எண் 7 என்று போட்டிருக்கிறது. அது நான் போட்ட அட்டவணை.

மார்ச் 7, வெள்ளி

சும்மா சொல்லக்கூடாது, அந்த நாட்டு அதிகாரி நல்ல மனுஷன். என்னைப் போலவே அங்கே தொழிலாளர் கணக்கெடுப்புக்குப் பொறுப்பாளர். மின்னஞ்சல் போட்ட இரண்டு மணி நேரத்தில் பதில், கூடவே கையேடு, அதில் நான் பார்க்க வேண்டிய பக்கங்களுக்கு மஞ்சள் அடையாளம்.

அவர்கள் பதினைந்திலிருந்து அறுபத்து நாலு வயது வரைதான் எண்ணுகிறார்கள். நாங்கள் பதினைந்துக்கு மேல் எல்லாரையும். எண்பது வயதுக் கிழவி ஏன் வேலை தேடவில்லை என்று வருத்தப்படுகிற நாடு எங்களுடையது. கிழவிகளை எடுத்துவிட்டுப் பார்த்தால் வித்தியாசம் பதினாறு. அட, அவ்வளவுதானா என்று இருந்தது.

மார்ச் 10, திங்கள்

வீட்டுக் கடையில் சம்பளம் இல்லாமல் உட்காருகிற பெண்ணை அவர்கள் வேலையில் சேர்க்கிறார்கள். நாங்கள் சேர்ப்பதில்லை. சேர்த்தேன். பன்னிரண்டு ஆனது. தொழில் பழகுகிறவர்களை நாங்கள் சேர்க்கிறோம், அவர்கள் சேர்ப்பதில்லை. எடுத்தேன். பதிமூன்று ஆகிவிட்டது! குறையும் என்று பார்த்தால் ஏறுகிறது. இந்தப் பதிமூன்று மட்டும் நகர மாட்டேன் என்று என்னை முறைத்துக்கொண்டு நிற்கிறது.

இயக்குநர் நினைப்பது போல எல்லாம் பழக்கவழக்கம்தானா? பழக்கவழக்கம் என்றால் பதிமூன்று புள்ளி எடையா? ஒன்றும் பிடிபடவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

இன்றைக்கு நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். இல்லையென்றால் நானே நம்ப மாட்டேன்.

காலையில் குழந்தைக்குச் செருப்பு மாட்டிக்கொண்டே நாத்தனார் கேட்டாள். “அண்ணி, வேலைக்குப் போற பொம்பளைங்க குறைஞ்சுட்டாங்கன்னு நோட்டீஸ்ல போட்டிருக்கே, என் லைன்ல மட்டும் நாப்பது பேர் நிக்கிறோம். எங்களை யாரு எண்ணினா?”

போன வருடக் கணக்கெடுப்புக்குத் தேர்ந்தெடுத்த தெருக்களில் எங்கள் தெருவும் இருந்தது, வந்திருப்பார்களே என்றேன். யாரும் வரவில்லை என்றாள். வந்திருந்தாலும் பகலில் அவள் வீடு பூட்டித்தான் இருக்கும். என் வீடும் அப்படித்தான்.

அலுவலகம் போனதும் எங்கள் தெருவின் பதிவுகளைத் திறந்தேன். சொந்தத் தெருவைப் பார்க்கக் கூடாது என்று விதி இருக்கிறது. பார்த்தேன். பதினாலாம் எண், கீழ் வீடு: பெண், முப்பதுகளில், வீட்டு வேலை, வேலை தேடவில்லை. மேல் வீடு: பெண், நாற்பதுகளில், வீட்டு வேலை, வேலை தேடவில்லை.

மேல் வீட்டுப் பெண் நான்.

முதலில் சிரிப்பு வந்தது. தொழிலாளர் கணக்கெடுப்புப் பிரிவின் தலைவி, தன் நாட்டுக் கணக்குப்படி சும்மா வீட்டில் இருக்கிறாள். யாரிடமாவது சொல்லிச் சிரிக்கலாம் என்று எழுந்துகூட விட்டேன். அப்புறம்தான் இரண்டு வரிக்கும் ஓரத்தில் ‘நி’ என்று இருப்பதைப் பார்த்தேன். நிரப்பப்பட்டது என்று அர்த்தம். எங்கிருந்து நிரப்பினார்கள்? பதினாறாம் எண் வீட்டிலிருந்து. அங்கே ஒரு பெண் இரட்டைக் குழந்தைகளை வைத்துக்கொண்டு திண்டாடுகிறாள், வாசல் எப்போதும் திறந்தே இருக்கும். அவளை நகல் எடுத்து எங்கள் தெருவில் ஆறு வீட்டில் குடிவைத்திருக்கிறார்கள். பதினெட்டாம் எண் வீட்டு நர்ஸும் அவள்தான். பேருந்து ஓட்டுகிற பெண்ணும் அவள்தான்.

பூட்டிய வீடு என்றால் பக்கத்தில் திறந்திருக்கும் வீட்டைப் பார்த்து எழுது. இதுதான் எங்கள் முறை. பத்தொன்பது வருடமாக.

பகலில் எந்த வீடு பூட்டியிருக்கும்?

மார்ச் 12, புதன்

தலைவலி. வேலை ஓடவில்லை.

மார்ச் 13, வியாழன்

அலுவலகத்தில் ஒரு மூத்த எழுத்தர் இருக்கிறார். எந்தச் சுற்றறிக்கை எந்தத் தேதி என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார், அதனால் அகராதி என்று பெயர். பூட்டிய வீட்டு விதியின் மூலப்பிரதி வேண்டும் என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு உள்ளே போய் எடுத்துவந்தார்.

“நாப்பத்தொண்ணாம் சுற்றறிக்கை. உங்க கையெழுத்துதானே மேடம், மறந்துட்டீங்களா?”

மறக்கவில்லை. நினைக்காமல் இருந்தேன், அவ்வளவுதான். அப்போது எனக்கு இருபத்தேழு வயது. நூற்றுக்கு ஆறு படிவம் வெற்றாக வருகிறது என்று அப்போதைய இயக்குநர் எல்லாரையும் நிற்கவைத்துத் திட்டிய வாரம். ஒரே மதியத்தில் உட்கார்ந்து இரண்டு பத்தியில் இந்த விதியை எழுதினேன். பக்கத்து வீடு கிட்டத்தட்ட அதே மாதிரி வீடாகத்தான் இருக்கும் என்று அதற்கு ஒரு நியாயமும் சொன்னேன். வெற்றுப் படிவம் பூஜ்ஜியமானது. பாராட்டுக் கடிதம் கொடுத்தார்கள். இன்றைக்கும் பழைய ஆட்கள் என் முதுகுக்குப் பின்னால் என்னைப் பூஜ்ஜியம் மேடம் என்றுதான் சொல்கிறார்கள். அதில் எனக்கு உள்ளூர ஒரு பெருமைகூட உண்டு.

அன்றைக்கு நூற்றுக்கு ஆறு வீடு பூட்டியிருந்தது. இன்றைக்குப் பதினெட்டு. பெண்கள் வெளியே வேலைக்குப் போகப் போக வீடுகள் பூட்டின. வீடுகள் பூட்டப் பூட்ட நாங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணை எழுதினோம். அதாவது அவர்கள் வேலைக்குப் போகிற ஒவ்வொரு முறையும் என் கணக்கு அவர்களை வீட்டுக்குள் தள்ளியிருக்கிறது. அந்த அட்டவணையைப் பார்த்து நகராட்சி காப்பகத்தை மூடுகிறது.

இது சரியா, இல்லை நானே மிகைப்படுத்துகிறேனா? பூட்டிய வீடுகளில் பாதிப் பேர் ஊருக்குப் போயிருக்கலாம். ஆஸ்பத்திரியில் இருக்கலாம். எனக்கு என்ன தெரியும்? யாரும் பார்க்கவே இல்லையே.

மார்ச் 14, வெள்ளி

அந்த நாட்டு அதிகாரியிடம் பூட்டிய வீட்டுக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டிருந்தேன். பதில் வந்தது. பகலில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை, ஞாயிற்றுக்கிழமை ஒரு முறை போவார்களாம். அப்படியும் நூற்றுக்கு மூன்று வீடு திறக்காது, அவற்றை வெற்றாகவே விட்டுவிடுவார்களாம். கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தார்: உங்கள் அறிக்கையில் விடுபட்ட வீடுகள் பூஜ்ஜியம் என்று பார்த்தேன், ரொம்பப் பொறாமையாக இருக்கிறது, எப்படிச் செய்கிறீர்கள் என்று எங்களுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

கிண்டலே இல்லை. உண்மையாகவே கேட்டிருக்கிறார். நாண்டுகொண்டு சாகலாம் போல் இருந்தது.

மார்ச் 17, திங்கள்

களப்பணி மேற்பார்வையாளரைக் கூப்பிட்டேன். வெயிலோ மழையோ குடை இல்லாமல் வர மாட்டார், எல்லாருக்கும் அவர் குடை அக்கா. போன வருடம் பூட்டியிருந்த வீடுகளில் இருநூறு வீட்டுக்கு மாலையில் மறுபடி போய் ஒரே ஒரு கேள்வி கேட்டுவர முடியுமா என்றேன். போன வருடம் இந்தச் சமயத்தில் இந்த வீட்டுப் பெண்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?

குடையை மடித்து மேசையில் வைத்தார். “நாங்க அப்பவே கேட்டோம் மேடம். வீட்டுல ஆளே இல்லாதப்போ எப்படி எழுதறதுன்னு. நீங்கதான் பக்கத்து வீட்டைப் பாருங்கன்னீங்க.”

வீட்டுப் பட்டியலை அவர் பக்கம் நகர்த்தினேன். இன்று மாலையே ஆட்களை அனுப்பிவிட்டார்.

மார்ச் 18, செவ்வாய்

என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காலை காப்பியோடு கேட்டுக்கொண்டு, “இன்னும் ரெண்டு மாசம். வாயை வச்சுக்கிட்டு சும்மா இரேன்” என்றார். லிஃப்ட் பழுது பார்க்கிற மனிதர், எதையும் இரண்டு முறை ஆட்டிப் பார்க்காமல் பேச மாட்டார். ஆனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல், என் தங்கச்சி வேலையை விட்டுட்டா மறுபடி அவளை யார் எடுப்பா என்று என்னையே கேட்கிறார். காலையில் சொன்னது நீங்கள்தானே என்றால், அது காலையில் என்கிறார். என்னைவிடக் குழம்பிப் போன ஒரு ஆள் வீட்டில் இருப்பது கொஞ்சம் ஆறுதல்தான்.

மார்ச் 20, வியாழன்

இருநூறில் நூற்று அறுபத்து மூன்று வீடு திறந்தது. பெண்கள் இருநூற்றுப் பதினொரு பேர். நூற்று நாற்பத்தொன்பது பேர் வேலைக்குப் போயிருக்கிறார்கள். அதே வீடுகளுக்கு நாங்கள் நிரப்பி வைத்திருந்த கணக்கில் நாற்பத்து நாலு.

நூற்றுக்குப் பதினெட்டு பூட்டிய வீட்டுக்கும் இதே விகிதம் என்று வைத்து மூன்று முறை கூட்டினேன். ஒன்பது புள்ளி. பதிமூன்றில் ஒன்பது என்னால் வந்தது. மீதி நாலு ஏன் என்று இன்னும் தெரியவில்லை. அந்த நாலு தெரியாததுகூடப் பரவாயில்லை என்று நினைக்கிற நிலைமைக்கு வந்துவிட்டேன்.

மார்ச் 21, வெள்ளி

நாலாவது பக்கம் எழுதி இயக்குநரிடம் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தார். பிறகு உட்கார்ந்து இன்னொரு முறை படித்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பத்தொன்பது வருடத்தில் எத்தனை திட்டம் இந்த எண்ணை நம்பிப் போட்டிருக்கிறார்கள் என்று தெரியுமா, அதில் எட்டு வருடம் தன் கையெழுத்தும் இருக்கிறது என்றார். ஒரு கணக்கெடுப்பை ஒருவரும் நம்பாமல் போனால் அடுத்த கணக்கெடுப்புக்கு ஒருவரும் கதவு திறக்க மாட்டார்கள் என்றார். அதுவும் பொய்யில்லை. விதியை அடுத்த வருடம் சத்தமில்லாமல் மாற்றிக்கொள்ளலாமாம்.

“இது ரெண்டு நாட்டு ஒப்பீடு. உங்க வாக்குமூலம் இல்ல” என்று சொல்லி நாலாவது பக்கத்தை மட்டும் தனியாகப் பிரித்து என் கையில் கொடுத்தார்.

மார்ச் 22, சனி

அடுத்த வருடம் மாற்றினால் காப்பகம்? அடுத்த வருடம் திறப்பார்களா? மூடினதை யார் திறந்திருக்கா? நான் வாயைத் திறந்தா மட்டும் செவ்வாய்க்கிழமையே ஆர்டரை கிழிச்சுப் போட்டுடுவாங்களா? யாருக்கும் பிரயோஜனமில்லாம என் பேரு மட்டும் நாறிப்போகும். அப்புறம் நானும் வீட்டுல.

எந்தப் பக்கம் யோசித்தாலும் அதற்கு எதிர்ப்பக்கம்தான் நியாயமாகத் தெரிகிறது.

கீழே நாத்தனார் ராஜினாமாக் கடிதம் எழுதி வைத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டுமாம். எழுத்துப்பிழை பார்த்துத் தரச் சொல்லி என்னிடமே கொடுத்தாள். பார்த்துக் கொடுத்தேன். பிழை இல்லை.

மார்ச் 23, ஞாயிறு

அவளிடம் சொல்லிவிட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள், நானும் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டேன், அப்படியே சொல்லிவிட்டேன். பூட்டிய வீடு, பக்கத்து வீடு, நாற்பத்தொன்றாம் சுற்றறிக்கை, எல்லாம்.

“அப்போ நீங்களும் வீட்டுல சும்மாதான் இருக்கீங்களா?” என்று கேட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். இன்னும் இரண்டு துணி மடித்தாள். அப்புறம், “சிரிச்சதால கோவம் இல்லேன்னு நினைச்சுக்காதீங்க அண்ணி. எனக்கு வயிறு எரியுது” என்றாள்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் பார்த்தாள். சமாதானம் எதுவும் சொல்லவில்லை, அது நியாயம்தான். மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மார்ச் 25, செவ்வாய்

நிதிக் குழுக் கூட்டம். நீள மேசை, பதினோரு பேர், ஒவ்வொருவர் முன்னாலும் மூன்று பக்கம். இயக்குநர் பேசி முடித்ததும் கேள்வி உண்டா என்றார்கள். நான் எழுந்து, பதினோரு பிரதி வைத்திருக்கிறேன், நாலாவது பக்கம் என்று சொல்லிக் கொடுத்துக்கொண்டே போனேன். இரண்டு தாள் கீழே விழுந்தது. அந்த விதியை எழுதினது நான் என்று சொன்னேன். சொன்னது என் காதுக்கே கேட்கவில்லை, மறுபடி சொன்னேன்.

குழுத் தலைவர் தாளிலிருந்து நிமிர்ந்தார். “சரிம்மா. அப்போ எதுதான் சரியான நம்பர்?”

“தெரியலங்க. முப்பத்துமூணு இல்லேங்கறது மட்டும் தெரியும்.”

இருபத்திரண்டு வருடத்தில் ஒரு கூட்டத்தில் தெரியவில்லை என்று நான் சொன்னது இதுதான் முதல் தடவை. இயக்குநர் திரும்பும் வழியெல்லாம் காரில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார்.

மார்ச் 27, வியாழன்

உத்தரவு வந்துவிட்டது. விசாரணை முடியும் வரை சம்பளமில்லா விடுப்பு. எப்போது முடியும் என்று தேதி இல்லை. பதவி உயர்வைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டியதில்லை. அகராதி என் பையைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை வந்தார்.

காப்பகங்களைப் பற்றி மறுபரிசீலனை செய்யப்போகிறார்களாம். மறுபரிசீலனை முடியும் வரை பழைய உத்தரவு நடப்பில் இருக்குமாம். அப்படியென்றால் மூடுகிறார்களா, இல்லையா? இரண்டு பேரிடம் கேட்டேன், இரண்டு பதில் கிடைத்தது.

மார்ச் 28, வெள்ளி

காலை ஏழு மணிக்குக் கீழே போனேன். கடிதத்தைக் கொடுக்காதே, குழந்தையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தாள். “உங்களுக்கு டயப்பர் மாத்தத் தெரியுமா?” என்றாள். மூன்று வயதுக் குழந்தைக்கு டயப்பர் கிடையாது என்பதுகூட எனக்குத் தெரியாது என்று நினைக்கிறாள் போலும். அப்புறம் கடிதத்தைப் பையிலிருந்து எடுத்து அலமாரியில் வைத்தாள். கிழிக்கவில்லை.

ஏப்ரல் 1, செவ்வாய்

காப்பகத்தைப் பூட்டிவிட்டார்கள்.

ஏப்ரல் 4, வெள்ளி

குழந்தை என்னைத் தேனீக்கூட்டம் வரையச் சொன்னாள். வரைந்தேன். இது தேனீ இல்லை, ஈ என்றாள். விசாரணை அதிகாரியே தேவலாம்.

அந்த நாட்டு அதிகாரிக்கு ஒரு சந்தேகம் எழுதிப் போட்டேன். ஒரு பெண் தேதி தெரியாத விடுப்பில் இருக்கிறாள், சம்பளம் இல்லை, உறவுக்காரக் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறாள், வேறு வேலை தேடவில்லை. இவளை எதில் சேர்ப்பது? எங்கள் கையேட்டின்படி அவள் தொழிலாளர் கணக்குக்கு வெளியே என்றும் எழுதினேன். யார் அந்தப் பெண் என்று எழுதவில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

அவர் பதில் வந்தது. அவர்கள் கையேட்டில் 112ஆம் பக்கம்: திரும்பிப் போக ஒரு வேலை இருக்கிறது என்று அவள் நம்பினால் உள்ளே, நம்பாவிட்டால் வெளியே. அவளிடமே கேட்க வேண்டும், வேறு யாரும் அவளுக்காகப் பதில் சொல்லக்கூடாது. கீழே, அந்த அம்மா சௌக்கியமா என்று கேட்டிருந்தார்.

நம்புகிறேனா? மத்தியானம் பூராவும் யோசித்தேன். அவருக்கு இன்னும் பதில் போடவில்லை.

ஏப்ரல் 10, வியாழன்

அகராதி போன் செய்தார். நாற்பத்தொன்றாம் சுற்றறிக்கை ரத்து. பூட்டிய வீடுகளுக்கு இனி மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையும் போக வேண்டும் என்று புது உத்தரவு, இயக்குநர் கையெழுத்தோடு. குடை அக்கா படித்துவிட்டு நாலைந்து பிரதி எடுத்துக்கொண்டு போனாராம். என் பெயர் அதில் எங்கேயும் இல்லை என்றும் சொன்னார். நல்லவிதமாகச் சொன்னாரா, இல்லை மனசு கஷ்டப்பட்டுச் சொன்னாரா என்று குரலில் தெரியவில்லை.

இன்று காலை நாத்தனாருக்குத் தாமதமாகிவிட்டது. லைன் ஓடத் தொடங்கின பிறகு போனால் அரை நாள் போய்விடும் என்று அரக்கப்பரக்கக் கிளம்பினாள். குழந்தைக்கு முத்தம், எனக்கு, “வரேன் அண்ணி.” கோபத்துக்கு அப்புறம் அவள் என்னிடம் அப்படிச் சொல்லிவிட்டுப் போனது இன்றைக்குத்தான். பேருந்துச் சத்தம் கேட்ட பிறகு பால் வாங்கிவரலாம் என்று கீழ் வீட்டுக் கதவைத் திறக்கப் போனேன். திறக்கவில்லை. பழக்க தோஷத்தில் வெளியே பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டிருக்கிறாள்.

போன் பக்கத்திலேயே இருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் பாதி வேலையில் அப்படியே போட்டுவிட்டு ஓடிவருவாள். இவருக்குச் சொன்னால் ஊரின் எந்த மூலையில் எந்த லிஃப்ட்டில் தொங்குகிறாரோ, பதறிப்போய் முதலில் அவளுக்குத்தான் போன் போடுவார். குழந்தைக்கு முந்தின நாள் பால் கொஞ்சம் மீதி இருந்தது. எனக்குக் கடுங்காப்பி போதும்.

போனை எடுத்து அலமாரிக்கு மேலே வைத்துவிட்டேன். நாலு மணிக்கு அவள் வருவாள்.